கிறிஸ்துமஸ் மரப் பெட்டிக்குள் ஒற்றர் பள்ளி

அந்துருண்டையும் பிளாஸ்டிக் இலையும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும். பதினொரு மாதம் மூடிக் கிடந்த அட்டைப் பெட்டிக்கே உரிய வாசனை. போன சனிக்கிழமை மார்சிலிங்கில், சித்தி வீட்டு ஸ்டோர் ரூமிலிருந்து கிறிஸ்துமஸ் மரப் பெட்டியை ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்தபோது அது முகத்தில் வந்து மோதியது. இரண்டு முறை தும்மினேன். மூன்றாவது தும்மலுக்குள் எனக்குப் பன்னிரண்டு வயது ஆகிவிட்டிருந்தது.

சித்தியும் சித்தப்பாவும் இந்த மாதக் கடைசியில் பொங்கோலுக்கு மாறுகிறார்கள். மகன் வீட்டுக்குப் பக்கத்துப் புளோக், சின்ன வீடு. எதை எடுத்துப் போவது, எதை விடுவது என்று பிரிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சித்தப்பா கூடத்தில் உட்கார்ந்து கண்ணாடித் தம்ளர்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் பேச மாட்டார். இப்போது காது மந்தம் என்பதால் அல்ல. காது நன்றாகக் கேட்ட காலத்திலும் அவர் அப்படித்தான்.

"மரத்த வெளிய எடுக்காத பாப்பா. அடியில கைய விடு," என்றார் சித்தி.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. அவருக்கு இன்னும் பாப்பாதான்.

கையை விட்டேன். கம்பிக் கிளைகள் முழங்கை வரை கீறின. அடியில், அட்டையோடு அட்டையாக ஒட்டிக்கொண்டு, ஒரு புத்தகம்.

"உன்னோட சாமான். அதோட இடம் மரப் பெட்டிதானேன்னு இங்கயும் அதுலதான் வச்சிருந்தேன்."

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாம் சிறு வயதில் படித்த புத்தகங்களில் பாதியை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. அவையாக வந்து சேர்ந்தன. அட்டை கிழிந்து, உள்ளே யாரோ ஒருவர் பெயர் எழுதி, அதை இன்னொருவர் அடித்து, பக்கங்களுக்கு நடுவே பேருந்துச் சீட்டும் எறும்புமாக. இதுவும் அப்படித்தான். லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து வரும் வழியில், தரையில் பழைய புத்தகம் பரப்பி விற்பவரிடம் வாங்கியது. முன்னட்டையும் கிடையாது, தலைப்புப் பக்கமும் கிடையாது. அதன் பெயர் எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. நான் அதை ஒற்றர் பள்ளி என்றே அழைத்தேன்.

ஆங்கிலக் கதை. குளிர்ந்த ஊர் ஒன்றில், மலை மேல், கடிகாரம் பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளி. வெளியே அப்படி. உள்ளே பிள்ளைகளை ஒற்றர்களாகப் பழக்குகிறார்கள். அங்கே யாருக்கும் பெயர் இல்லை, எண்தான். பதினான்காம் எண் என்ற பெண்தான் கதாநாயகி. பள்ளியை நடத்துபவர் ஒரு கர்னல். அவர் குரலை உயர்த்தவே மாட்டார், உயர்த்தாமலே எல்லாரையும் நடுங்க வைப்பார்.

கர்னல் பாடங்கள் சொல்வார். முதல் பாடம், எது நடந்தாலும் திரும்பிப் பார்க்காதே. இரண்டாவது, கண்ணில் பட்டதை அன்றே அறிக்கையாக எழுது. மூன்றாவது, ஒளித்து வைத்த பொருளின் மேல் ஒரு முடியை வை. முடி நகர்ந்திருந்தால் யாரோ தொட்டிருக்கிறார்கள். இன்னொரு பாடமும் உண்டு. எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று நான் நினைத்தது அதைத்தான். பிடிபட்டாலும் கூட்டாளியின் பெயரைச் சொல்லாதே.

அந்த வருடம் நான் தொடக்கநிலை ஆறு. அக்டோபரில் பி.எஸ்.எல்.இ., தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வு. அந்த நான்கு எழுத்துகளுக்காக அந்தக் காலத்தில் வீடுகள் எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன என்று உங்களுக்குத் தெரியும். ஜூன் விடுமுறை தொடங்கிய அன்றே அப்பா என் கதைப் புத்தகங்களை எல்லாம் இளஞ்சிவப்பு ராஃபியா கயிற்றால் கட்டி வாசலில் வைத்துவிட்டார். பழைய சாமான் எடுக்கும் கராங்குனிக்காரர் ஊதுகுழலை அமுக்கிக்கொண்டே தாழ்வாரத்தில் வந்து, பழைய செய்தித்தாள்களோடு தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்.

"பரீட்ச முடியட்டும். அப்புறம் வேணுங்கிறத படி," என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. விமானத்தில் அறிவிப்புச் செய்கிறவர் மாதிரி சொன்னார், பெல்ட்டைப் போட்டுக்கொள் என்பது போல.

கட்டுக்குள் போகாமல் தப்பியது இது ஒன்றுதான். நான் அதைக் கிறிஸ்துமஸ் மரப் பெட்டிக்குள் வைத்து, மேலே என் முடி ஒன்றையும் வைத்தேன். திட்டம் சரியானது. டிசம்பர் வரை அந்தப் பெட்டியை யாரும் தொட மாட்டார்கள், தேர்வு அக்டோபரில் முடிந்துவிடும். பதினான்காம் எண்ணே செய்திருந்தாலும் இதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது.

ஸ்டோர் ரூமில் இன்னொருவருடைய பெட்டியும் இருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை.

சித்தி அந்த ஏப்ரலில்தான் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்திருந்தார். சித்தப்பாவுக்குப் புதிதாய்க் கல்யாணம். சித்தப்பா சாங்கி விமான நிலையத்தில், விமானச் சரக்குப் பகுதியில் ஷிஃப்ட் வேலை. அவர்கள் பதிந்திருந்த அரசாங்க வீடு கிடைக்க இன்னும் இரண்டு வருடம் ஆகும் என்று கடிதம் வந்திருந்தது. அதுவரை தோ பாயோவில் எங்கள் மூன்றறை வீடு. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன், மூன்றறை என்றால் படுக்கையறை இரண்டுதான். என் அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நான் கூடத்தில் மெத்தை விரித்தேன். சித்தியின் பெட்டி அறைக்குள் கொள்ளவில்லை. ஸ்டோர் ரூமுக்குப் போயிற்று, மரப் பெட்டிக்கு அடுத்து.

சித்திக்கு அப்போது இருபத்திரண்டு. விசிட் பாஸில் வந்தவர். செப்டம்பர் பதினெட்டோடு பாஸ் முடிகிறது. நீட்டிக்கலாம், ஆனால் வீடு அப்பா பெயரில். அப்பா சரி என்றால்தான் தங்கலாம். அப்பாவும் அம்மாவும் ஜூலையிலேயே பேசத் தொடங்கிவிட்டார்கள்.

"ஊருக்குப் போயிட்டு, வீடு கெடச்சதும் வரட்டுமே. புள்ள கூடத்துல உக்காந்து எப்படிப் படிக்கும்?"

புள்ள என்பது நான். அப்பாவுக்குச் சித்தி மேல் வெறுப்பெல்லாம் இல்லை. என் கணிதப் பாடத்துக்கு ஒரு மேசை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சித்தப்பா தன் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று சித்தி காத்திருந்தார். சித்தப்பா பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார், ஷிஃப்டுக்குப் போனார், வந்தார்.

சித்தி வீட்டில் அதிகம் பேச மாட்டார். நாங்கள் தமிழும் ஆங்கிலமுமாய்க் கலந்து அடிப்போம். அவர் பேச்சு வரும் பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை சூப்பர் மார்க்கெட்டில் காசாளர் என்னவோ கேட்க, சித்தி கையிலிருந்த கூடையையே அவரிடம் நீட்டிவிட்டார். அம்மா அதை வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சிரித்தார். சித்தியும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதுதான் கேட்கிறது.

ஒற்றர் பள்ளியைப் படித்தவளுக்கு இலக்கு வேண்டும். வீட்டில் புதிதாய் வந்தவர் அவர்தான். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் அப்பாவும் அம்மாவும் காய்கறிக் கடைக்குள் நுழைந்ததும், நான் சித்தியைப் பத்தடி பின்னால் தொடர்வேன். மல்லிகைச் சரம், சாம்பிராணி, கொத்தமல்லிக் கட்டிலிருந்து சொட்டும் தண்ணீர், கடைகளின் முன்னே ஐந்தடிப் பாதையில் செருப்புகள். அந்த நோட்டு தொலைந்துவிட்டது. எழுதியது மட்டும் நினைவிருக்கிறது.

"11.20. இலக்கு பூக்கடை முன் நின்றது. வாங்கவில்லை. 11.25. நகைக்கடைப் பெயர்ப்பலகையைப் பார்க்கிறது. உதடு அசைகிறது. 11.27. வங்கிப் பலகை. உதடு அசைகிறது. முடிவு: இலக்கு எப்போதும் செபம் சொல்கிறது."

செபம் இல்லை. எழுத்துக் கூட்டியிருக்கிறார். எல்லாவற்றையும் சரியாகப் பார்த்து முடிவை மட்டும் தப்பாக எழுதுகிற ஒற்றராக இருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் பெட்டியைத் திறந்தேன். என் முடி நகர்ந்திருந்தது. நகர்ந்தது மட்டுமில்லை, மாறியிருந்தது. எனக்குக் காது வரைக்கும் வெட்டிய பள்ளிக்கூட முடி. புத்தகத்தின் மேல் இருந்ததோ ஒரு முழ நீளம், தேங்காய் எண்ணெய் வாசத்தோடு. என் முடியைத் தவறவிட்டவர், ஏதோ ஒரு முடி இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று தன்னுடையதை எடுத்து வைத்திருக்கிறார்.

உள்ளே திறந்து பார்த்தேன். ஆங்கிலச் சொற்களுக்குக் கீழே பென்சிலில், கடுகு மாதிரி, தமிழ் எழுத்துகள். சிலதற்கு அர்த்தம். சிலதற்குக் கேள்விக்குறி. முதல் இருபது பக்கம் கேள்விக்குறிகள்தான் அதிகம்.

எனக்குக் கோபம் வந்தது. என் புத்தகம். அடுத்து பயமும் வந்தது, அப்பாவிடம் சொல்லிவிட்டால்? இரண்டு நாள் சித்தியின் முகத்தையே பார்த்தேன். அவர் வெண்டைக்காய் நறுக்கினார். மூன்றாம் நாள் நான் என் பாக்கெட் அகராதியை எடுத்துப் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டு டியூஷனுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது அகராதியின் மேல் ஒரு நீள முடி, வளையமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளவில்லை. நான் டியூஷனுக்குப் போகும் செவ்வாயும் வியாழனும் அவருக்கு. மற்ற நாட்கள் எனக்கு. கேள்விக்குறிகள் குறைந்துகொண்டே வந்தன. அவர் எதுவரை வந்திருக்கிறார் என்று பார்ப்பதற்காகவே நான் முன்பு படித்ததைத் திரும்பப் படித்தேன். செப்டம்பர் தொடக்கத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தார். கதை முக்கியமான இடம். இரவு, ஆறு, பாலம்.

சனிக்கிழமை சாயங்காலம் நவநாளுக்குப் போவோம். மாதாவுக்கு வேண்டுதல் கடிதம் எழுதிப் பெட்டியில் போடுகிற வழக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பெயர் எழுதக் கூடாது. வாரத்துக்கு ஏழெட்டைப் பொறுக்கி ஃபாதர் மேடையில் ஆங்கிலத்தில் வாசிப்பார். வேலை கிடைக்க வேண்டும், மகன் குடியை விட வேண்டும், கட்டி சாதாரணக் கட்டியாக இருக்க வேண்டும். வாசிக்க வாசிக்க, எது யாருடையது என்று பெஞ்சு பெஞ்சாக ஊகம் ஓடும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அன்று நாலாவது கடிதம். ஃபாதர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அறிக்கை ஒன்று. இடம், ஆறாவது மாடி. நிலைமை அமைதி. உணவு போதுமானது. எல்லாரும் நல்லவர்கள். ஆபத்து, பதினெட்டாம் தேதி நான் திருப்பி அனுப்பப்படுகிறேன். கோரிக்கை, விமானச் சரக்கில் வேலை செய்யும் என் கணவர் தன் அண்ணனிடம் வாய் திறக்க வேண்டும். படித்ததும் இந்தத் தாளை எரித்துவிடவும்."

கோயில் சிரித்தது. நல்ல சிரிப்புதான். ஃபாதரும் சிரித்துவிட்டு, "எரிக்க மாட்டேன், செபிப்பேன்," என்றார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அது பதினான்காம் எண் கர்னலுக்கு எழுதும் அறிக்கையின் வடிவம், வரிக்கு வரி. ஆங்கிலத்தில் கடிதம் என்றால் சித்திக்குத் தெரிந்த ஒரே கடிதம் அதுதான். தமிழில் எழுதியிருக்கலாம், ஞாயிற்றுப் பூசைக்கு வரும் தமிழ்ச் சாமியாரிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் மேடையில் வாசிக்கப்படுவதுதான் மாதா காதில் விழும் என்று நம்பியிருக்கிறார். அதற்காக மூன்று மாதம் ஒளிந்து ஒளிந்து ஆங்கிலம் கற்றிருக்கிறார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

முதல் பாடம் அது. திரும்பிப் பார்க்காதே. பெஞ்சின் மறு ஓரத்தில் முக்காட்டுக்குள் குனிந்திருந்த சித்தியை நான் நேராகத் திரும்பிப் பார்த்தேன். அம்மா என் கண்ணைப் பார்த்தார். பிறகு என் கண் போன இடத்தைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. சித்தப்பா இன்னும் வேலை முடிந்து வரவில்லை. சாப்பாட்டு மேசையில் என் கணிதப் பயிற்சித் தாள்கள் பரப்பிக் கிடந்தன. நான் அவற்றின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"யாரு எழுதிக் குடுத்தா?" என்றார் அப்பா.

"நானேதான் எழுதுனேன் அத்தான்."

"நீயா. எஸ், நோவுக்கு மேல உனக்கு என்ன இங்கிலீஷ் தெரியும்?"

"கேக்குறாங்கல்ல, சொல்லிடு லா," என்றார் அம்மா. "வெளிய யாரையாவது புடிச்சு எழுதுனியா? கீழ கடையிலயா? ஊர் பூரா நம்ம வீட்டுக் கதைதான் இனி. ஏர் கார்கோவில வேலை செய்ற தம்பி, அண்ணன் வீட்ல இருக்கிற தம்பி, எத்தன பேரு இருக்காங்க அந்தக் கோயில்ல?"

"யாரும் இல்லக்கா. நான்தான்."

அப்பா என் பயிற்சித் தாள் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பிச் சித்தி முன்னால் வைத்தார். என் பென்சிலையும் வைத்தார்.

"எழுது. என் கண்ணு முன்னால. ரெண்டே வரி."

சித்தி எழுதினார். தயங்கவே இல்லை. பெரிய, வட்டமான எழுத்துகள். அப்பா எடுத்துப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாக, தமிழில் சொன்னார்.

"கர்னல் பாலத்து மேல காத்திருக்கிறார். ரெண்டாவது சாவியக் கொண்டு வா."

தாளைக் கீழே வைத்துவிட்டுச் சித்தி பக்கம் திரும்பினார்.

"யாரு இந்தக் கர்னல்?"

சித்தி பென்சிலை மேசையில் வைத்தார்.

"எந்தப் பாலம்? பஸ் இன்டர்சேஞ்ச் கிட்ட இருக்கே, அதா?"

அம்மா எழுந்து போய்ச் சுவரில் ஆணியில் தொங்கிய வீட்டுச் சாவிகளை எண்ணிப் பார்த்தார். மூன்றும் இருந்தன.

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை. இந்த ஊரில் கர்னல்களுக்குப் பஞ்சமில்லை. ஏதோ ஒரு படை முகாம் ஆள், ஏதோ ஒரு பாலம், தானாக ஆங்கிலம் எழுதுகிற பெண். அப்பாவுக்கு எல்லாம் பொருந்திப் போயிற்று. அவரும் என்னைப் போலத்தான், பார்த்ததைச் சரியாகப் பார்த்தார்.

"சரி, எதப் பாத்துக் கத்துக்கிட்ட? அதையாவது சொல்லு."

அப்போது சித்தி என்னைப் பார்த்தார். ஒரு இமைப்பு நேரம். கேட்கிற பார்வை இல்லை அது. நான் அங்கே இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டது மாதிரி.

ஸ்டோர் ரூம் கதவு என் நாற்காலியிலிருந்து பத்து எட்டு. போய்ப் பெட்டியைத் திறந்து புத்தகத்தை மேசையில் வைத்தால் முடிந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கர்னல் நின்றுகொண்டிருக்கிறார், பாலமும் இருக்கிறது, சாவியும் இருக்கிறது. ஆனால் வைத்தால் புத்தகம் போய்விடும். அப்பா கயிற்றை எடுப்பார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அடி விழாது. புத்தகம் போகும், அவ்வளவுதான்.

நான் கணக்கின் மேல் குனிந்தேன். ஒரு தொட்டியில் இரண்டு குழாய்கள் தண்ணீர் நிரப்பின, மூன்றாவது காலி செய்தது.

"பழைய பேப்பர்ல பாத்தேன் அத்தான்," என்றார் சித்தி.

சித்தப்பா வந்தார். அம்மா எல்லாவற்றையும் சொன்னார், அப்பா தாளைக் காட்டினார். சித்தப்பா தாளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மாதா கடிதத்தைப் படித்தாரோ என்னவோ, அவர் வாய் திறந்தது.

"அண்ணன் சொல்றதும் சரிதான்," என்றார்.

பதினெட்டாம் தேதி சாங்கியில் அனுப்பி வைத்தோம். உள்ளே போகிற கதவுக்கு முன் அம்மா மைலோ டின்னும் பிஸ்கட்டும் சித்தியின் பையில் திணித்துக்கொண்டிருந்தார். குனிந்து ஜிப்பை இழுக்க உதவுவது போல நானும் முன்னட்டை இல்லாத ஒன்றைத் திணித்தேன். பை கொஞ்சம் கனத்தது. சித்தி கவனித்தாரா என்று தெரியவில்லை. என் தலையில் கை வைத்து, "நல்லா படி பாப்பா," என்றார். நான் நன்றாகவே படித்தேன். தேர்வும் நன்றாகவே வந்தது. அந்த மேசை முழுக்க எனக்குத்தான்.

இரண்டு வருடம் கழித்து மார்சிலிங் வீடு கிடைத்ததும் அவர் திரும்பி வந்தார். டாக்சிக்காரரிடம் இடது பக்கம், அடுத்த விளக்கு, இங்கே நிறுத்துங்கள் என்று அவர்தான் ஆங்கிலத்தில் வழி சொன்னார். முன் சீட்டில் இருந்த அப்பா திரும்பிப் பார்த்தார்.

"ஊர்ல கத்துக்கிட்டியா?"

"ஆமா அத்தான்."

பிறகு மார்சிலிங்கிலேயே ஒரு பாலர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டியே ஓய்வு பெற்றார்.

அப்பா கடைசியாக மருத்துவமனையில் இருந்தபோது ஒரு மத்தியானம் என்னிடம் கேட்டார், "அந்தக் கர்னல் யாருன்னு உனக்கு ஏதாவது தெரியுமா? சித்தி எப்பவாவது சொன்னாளா?" இருபத்தைந்து வருடமாக அவர் மனதுக்குள் அந்த ஆள் பாலத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறார். எனக்கு நாற்பது வயதுக்குப் பக்கம். பறிபோக எந்தப் புத்தகமும் இல்லை. "தெரியலப்பா," என்றேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

இதுதான் போன சனிக்கிழமை மரப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைத் திறந்தபோது என்னோடு இருந்தது.

மெல்லிய புத்தகம். சித்தி சமையலறைச் சாமான்களைக் கட்டி முடிப்பதற்குள் படித்துவிட்டேன். நண்பர்களே, நாம் நேசித்த புத்தகங்களை நாற்பதுக்கு மேல் திறக்காமல் இருப்பது நல்லது என்று சொல்வார்கள். அவ்வளவு மோசமில்லை. ஆனால் மலை என்று நான் நினைத்தது வெறும் மேடு. கர்னல் ஓயாமல் பேசுகிறார். பதினான்காம் எண்ணுக்கு நான் கொடுத்திருந்த முகம் அவளுக்கு இல்லை, முகமே இல்லை. பாலத்துக் காட்சி ஒன்றரைப் பக்கம்தான்.

அச்சில் இருந்ததைவிடப் பென்சிலில் இருந்ததைத்தான் நான் படித்தேன். நூற்றுப் பன்னிரண்டு வரை கடுகெழுத்து. அதற்குப் பிறகு பேனா, ஊரில் வாங்கிய நீல மை. குறிப்புகள் பக்கத்துக்கு ஐந்து, மூன்று, ஒன்று. கடைசி முப்பது பக்கம் சுத்தம். பதினான்காம் எண் மூன்றாம் மாடியிலிருந்து குதித்து ஓடும் இடத்தில் மட்டும் ஓரத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது, நடக்கவே நடக்காது என்று.

கூட்டாளி பாடத்தைத் தேடினேன். முதல் பாடம் இருந்தது, இரண்டாவது, மூன்றாவது இருந்தன. அது இல்லை. மறுபடி புரட்டினேன். பதினான்காம் எண் பிடிபடுகிறாள், விசாரிக்கிறார்கள். இரண்டாவது கேள்வியிலேயே கூட்டாளியின் பெயரைச் சொல்லிவிடுகிறாள். கர்னல் புத்திசாலித்தனம் என்று பாராட்டுகிறார்.

"சித்தி, இதுல ஒரு பாடம் வருமே. புடிபட்டாலும் கூட்டாளி பேரச் சொல்லக் கூடாதுன்னு. எத்தனாவது பக்கம்?"

சமையலறையிலிருந்து டேப் கிழிக்கும் சத்தம் நின்றது.

"அப்படி ஒண்ணும் இல்லையே. நான் நாலு தரம் படிச்சிருக்கேன்."

இத்தனை வருடமும் புத்தகத்தில் படித்ததாக நினைத்தேன். தோ பாயோவில், ஆறாவது மாடியில், சாப்பாட்டு மேசையில் பார்த்தது அது. நான் புத்தகத்தில் இருந்ததைக்கூடச் செய்யவில்லை. பதினான்காம் எண்ணாவது வாய் திறந்து சொன்னாள்.

மழை வரும் போல இருந்தது. கிளம்பினேன். சித்தி லிஃப்ட் வரைக்கும் கூட வந்தார். பொத்தானை அமுக்கிவிட்டுச் சொன்னேன்.

"சித்தி. அன்னிக்கு நான் அந்தப் புத்தகத்த எடுத்து அப்பா முன்னால வச்சிருக்கலாம்."

"வச்சிருக்கலாம்."

"கோபம் இல்லையா?"

"இருந்துச்சு. ரெண்டு வருஷம்னா சும்மாவா? உன் மேல, உங்கப்பா மேல, இந்த மனுஷன் மேல. வரிசையா."

இந்த மனுஷன் பின்னாலேயே வந்து நின்றார். நான் மறந்து வைத்த குடையை என்னிடம் நீட்டினார். எதுவும் சொல்லவில்லை. திரும்பி வீட்டுக்குள் போனார்.

"பாத்தியா," என்றார் சித்தி.

லிஃப்ட் மணி அடித்தது. கதவு திறந்தது. நான் ஏறாமல் நின்றேன்.

"ஆனா நீ அன்னிக்கு எடுத்து வச்சிருந்தா, உங்கப்பா அடுத்த நாளே அதக் கராங்குனிக்குப் போட்டிருப்பார். அப்புறம் எனக்கு அந்தக் கர்னல் பாலத்து மேல நின்னுக்கிட்டே இருந்திருப்பாரு லா," என்றார். "ஏறு பாப்பா, கதவு மூடுது."